சரக்கு ஸ்டிக்கருக்கு எந்தப் பார்கோடு: கோட் 39, கோட் 128, ஈஏஎன், க்யூஆர்

கடைச் சரக்குக்குப் பார்கோடு ஒட்டுவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது பிரிண்டர் விலையை, அடுத்து ஸ்கேனர் விலையை. எந்த வகைப் பார்கோடு என்பதை யாரும் யோசிப்பதில்லை, பில்லிங் சாஃப்ட்வேரில் முதலாவதாக எது இருக்கிறதோ அதுவே ஸ்டிக்கரில் வந்துவிடுகிறது. மதுரையில் விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளுக்கும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கும் இந்த வேலையைச் செய்து கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரிண்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆயிரக்கணக்கான உருப்படிகளில் ஒட்டிய ஸ்டிக்கரை மாற்றுவதுதான் பெரும்பாடு. அதனால் காசை எடுப்பதற்கு முன்னாலேயே இதை முடிவு செய்துவிடுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு உங்கள் கடைக்குள்ளேயேதான் ஸ்கேன் ஆகப் போகிறது என்றால் கோட் 128, அதிலும் வெறும் எண்கள், இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக. உங்கள் தயாரிப்பு அடுத்தவர் கடை ரேக்கில் போய் உட்காரப் போகிறது என்றால் ஈஏஎன்-13, அதற்கு வேறு வழி கிடையாது. ஒட்டுகிற இடம் ரொம்பச் சின்னது, அல்லது போனிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்றால் க்யூஆர். கோட் 39 புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் உங்கள் கடைக்குப் பொருந்தவில்லை என்றால் முடிவும் மாறும்.

முதலில், உள்ளே என்ன எழுதுவது?

வகையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "தம்பி, பேரு, கலரு, மீட்டரு, வெல எல்லாத்தையும் உள்ள போட்டுட்டா கையோட தெரிஞ்சிரும்ல?" என்று அண்ணாச்சிமார்கள் கேட்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் விலை மாறும், ஜிஎஸ்டி விகிதம் மாறும், ஆடித் தள்ளுபடி வரும். பார்கோடுக்குள் போன விலையை அழித்து எழுத முடியாது. உள்ளே ஒரே ஒரு எண் இருந்தால் போதும், அந்த எண்ணுக்குரிய பெயர், விலை, இருப்பு எல்லாம் சாஃப்ட்வேரில் இருக்கட்டும். ஸ்டிக்கரில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதை, அதாவது பெயர், விலை, சில கடைகளில் கொள்முதல் விலைக்கு வைத்திருக்கும் ரகசிய எழுத்துக் குறி, இதையெல்லாம் கோடுகளுக்கு மேலேயோ கீழேயோ சாதாரண எழுத்தாக அச்சடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, எண் ரகத்துக்கு ஒன்றா, உருப்படிக்கு ஒன்றா? மில் சேலை ஒரு டிசைனில் நூறு வந்தால் நூறுக்கும் ஒரே எண் போதும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடி அப்படியில்லை, ஒன்று போல் இன்னொன்று வராது, விலையும் வேறுபடும், ஆகவே சேலைக்குச் சேலை தனி எண்தான் சரி. இந்த முடிவைப் பொறுத்துத்தான் எத்தனை இலக்கம் வேண்டும் என்பது வரும். நான் பொதுவாக 8 இலக்கம் சொல்வேன், 10000001-இல் ஆரம்பித்து வரிசையாக. பூஜ்யத்தில் தொடங்காதீர்கள். எக்செலில் ஒருமுறை திறந்து மூடினாலே முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போய்விடும், அப்புறம் ஸ்டிக்கரில் ஒரு எண், பட்டியலில் ஒரு எண்.

எழுத்து கலக்காமல் எண் மட்டும் வைக்கச் சொல்வதற்கு நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பெரும்பாலான ஸ்கேனர்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு போலத்தான் தெரியும், படித்ததைத் தட்டச்சு செய்து கடைசியில் ஒரு என்டர் அடிக்கும், அவ்வளவுதான். பில் போடுகிற பெண் தமிழ்99 விசைப்பலகையை ஆனில் வைத்திருந்தால், பார்கோடில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக வந்து விழும், சாஃப்ட்வேர் "பொருள் இல்லை" என்று சொல்லும், ஸ்கேனர் ரிப்பேர் என்று திருப்பி அனுப்புவார்கள். எண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கோட் 39

1970களின் நடுவில் வந்தது. பெரிய எழுத்து ஆங்கிலம், எண்கள், சில குறிகள் என மொத்தம் 43 எழுத்துகளை எழுதும். சிறிய எழுத்து கிடையாது. இதன் ஒரே பெரிய வசதி, உண்டாக்குவது ரொம்ப எளிது. இலவச எழுத்துரு ஒன்றை இறக்கி, எண்ணுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வேர்டிலேயே அச்சடித்துவிடலாம். அதனால்தான் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது.

குறை இரண்டு. இடம் நிறையப் பிடிக்கும். அடுத்து, சரிபார்ப்பு இலக்கம் கட்டாயமில்லை. கோட் 128-இலும் ஈஏஎன்-இலும் கடைசியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, ஸ்கேனர் தப்பாகப் படித்தால் அந்தக் கணக்கு ஒத்துப்போகாது, அதனால் சத்தமே போடாமல் விட்டுவிடும். கோட் 39-இல் அதை நாமாகச் சேர்த்தால்தான் உண்டு, பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை. அச்சு தேய்ந்த ஸ்டிக்கரில் ஒரு குறியை வேறு குறியாகப் படித்து இருப்பில் வேறு பொருள் குறைவது ரொம்ப மோசமான பிழை, ஏனென்றால் அது நடந்ததே தெரியாது. வாகனத் தொழிலில் இந்த வகை வெகுகாலம் புழங்கியது, ஆகவே கப்பலூரில் ரப்பர் பாகம் செய்து வாகனக் கம்பெனிக்கு அனுப்புகிறவரிடம் வாங்குகிறவரே கோட் 39 கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றபடி விட்டுவிடுங்கள்.

கோட் 128

1981-இல் வந்தது. இதற்குள் ஏ, பி, சி என்று மூன்று தொகுதிகள் உண்டு, நமக்கு முக்கியம் சி. அதில் இரண்டிரண்டு எண்களாகச் சேர்த்து ஒரே குறியாக எழுதும், ஆகவே எண் மட்டும் இருந்தால் அந்த எண்கள் பிடிக்கும் இடம் பாதிக்குப் பாதி குறைந்துவிடும். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கச் சொன்னது இதற்குத்தான், ஒற்றைப்படையானால் ஒரு இலக்கத்துக்காகத் தொகுதி மாற வேண்டியிருக்கும், அதற்குத் தனி இடம் போகும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஸ்டிக்கர் ரோல் எந்த அளவில் வாங்குவது என்பது தீர்மானமாகிறது. கடைகளில் புழங்கும் சாதாரண லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 8 புள்ளிகள், ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர். மிக மெல்லிய கோடு எத்தனை புள்ளி அகலம் என்பது முழு எண்ணாகத்தான் இருக்க முடியும், இரண்டரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. இரண்டு புள்ளி, அதாவது 0.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 எண்கள் கொண்ட கோட் 128 சுமார் 20 மில்லிமீட்டர் வரும். இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடம் மொத்தம் 5 மில்லிமீட்டர். ஆக 25. அதே கோட் 128-இல் எண்ணுக்குப் பதில் 8 ஆங்கில எழுத்துகள் போட்டால் வெற்றிடத்தோடு சுமார் 36. கோட் 39-இல் அகலக் கோடு மெல்லியதைப் போல் மூன்று மடங்கு என்று வைத்தால் சுமார் 45. ஜவுளிக் கடைகளில் சாதாரணமாக வாங்கும் 38 மில்லிமீட்டர் ஸ்டிக்கரில் முதலாவது தாராளமாக நிற்கும், இரண்டாவது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், மூன்றாவது நிற்கவே நிற்காது. 50 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் என்றால் எண் மட்டும் உள்ள கோட் 128-ஐ மூன்று புள்ளி அகலத்திலேயே அடிக்கலாம், வெற்றிடத்தோடு 37 மில்லிமீட்டர்தான் வரும், பழைய ஸ்கேனர்கூட டக்கென்று படிக்கும்.

அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடுகளின் இடமும் வலமும் வெள்ளையாக விடுவது அழகுக்காக அல்ல, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று ஸ்கேனருக்குத் தெரிவதே அதை வைத்துத்தான். ரோல் சற்று விலகி அச்சானால் முதலில் சாகிறது இந்த இடம். ஆகவே கணக்குப்படி வருவதற்கும் மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வைப்பது நல்லது.

ஈஏஎன்-13

பார்கோடு என்றதும் நம் கண்ணில் வருகிற உருவம் இதுதான், பிஸ்கட் பாக்கெட்டிலும் சோப்பிலும் இருப்பது. இதன் அமெரிக்க மூத்த வடிவம் யுபிசி, 1974 ஜூன் 26 அன்று ஒகாயோ மாநிலம் ட்ராய் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில்தான் முதன்முதலில் ஸ்கேன் ஆனது. பில் கவுன்டருக்காகவே பிறந்த வகை, எண் மட்டும், சரியாக 13 இலக்கம், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது.

இந்த எண்களை உலக அளவில் பார்த்துக்கொள்ளும் அமைப்பு ஜிஎஸ்1, இந்தியாவில் எண் கொடுப்பது ஜிஎஸ்1 இந்தியா, அது கொடுக்கும் எண்கள் 890-இல் தொடங்கும். பொருள் இந்தியாவில் செய்தது என்று அதற்கு அர்த்தமில்லை, கம்பெனி அங்கே பதிவு செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்பளம் செய்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போடுகிறவர், ஆன்லைனில் விற்கிறவர், இவர்களுக்கு இந்தப் பதிவு தேவை. மலிவாக எண் விற்கிறோம் என்று இணையத்தில் வருகிற ஆட்களிடம் வாங்காதீர்கள். பெரிய விற்பனைத் தளங்கள் அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று ஜிஎஸ்1 பதிவில் பார்க்கின்றன, அப்போது அது வேறு யாருடைய பெயரையோ காட்டும்.

கடைக்குள் மட்டும் பயன்படுத்த ஈஏஎன் போடலாமா? போடலாம், ஆனால் 2-இல் தொடங்கும் எண்ணாக இருக்க வேண்டும். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்களைக் கடைகளின் உள் உபயோகத்துக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். சில சாஃப்ட்வேர்கள் 890-இல் தொடங்கித் தானாக ஒரு எண்ணை உண்டாக்கிக் கொடுக்கின்றன, அது ஆபத்து, நாளைக்கு அதே எண்ணோடு நிஜமான ஒரு பொருள் உங்கள் கடைக்கே வந்து சேரலாம். 13-ஆவது இலக்கம் நீங்கள் வைப்பது அல்ல, கணக்கில் வருவது. இடப்பக்கத்திலிருந்து ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள், இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள், இரண்டையும் சேர்த்து அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான். 200000001254 என்ற எண்ணுக்கு 8, அப்புறம் 6 பெருக்கல் 3 ஆக 18, மொத்தம் 26, முப்பதுக்கு 4 குறைகிறது. ஆக 2000000012544.

இதில் ஒரு அளவுச் சிக்கல் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ஈஏஎன்-இன் இயல்பான அளவில் மெல்லிய கோடு 0.33 மில்லிமீட்டர், இதில் 80 சதவீதம் வரைதான் சுருக்கலாம், அதாவது சுமார் 0.264. நம் 203 டிபிஐ பிரிண்டரில் இரண்டு புள்ளி 0.25, அது வரம்புக்குக் கீழே போய்விட்டது. மூன்று புள்ளி வைத்தால் 0.375, வெற்றிடத்தோடு 42 மில்லிமீட்டருக்கு மேல் வரும், 38 ஸ்டிக்கரில் இடமில்லை. சாஃப்ட்வேர் என்ன செய்யும் தெரியுமா, சத்தமில்லாமல் நெருக்கி அடித்துக் கொடுத்துவிடும், உங்கள் ஸ்கேனர் படித்தும் விடும், அடுத்த கடை ஸ்கேனரில் நிற்காது. ஆகவே ஈஏஎன் என்றால் 50 மில்லிமீட்டர் ஸ்டிக்கர், அல்லது 300 டிபிஐ பிரிண்டர். 300-இல் நான்கு புள்ளி கிட்டத்தட்ட 0.34, இயல்பான அளவுக்கே வந்துவிடும்.

ஈஏஎன் கடைக்குள்ளேயே தேவைப்படுகிற ஒரு இடம் உண்டு, அது எடை போட்டு விற்கிற சரக்கு. கீழமாசி வீதி மாதிரிப் பலசரக்கு நடக்கும் இடத்தில் பருப்பையும் மிளகையும் எடை போட்டுப் பாக்கெட் கட்டும்போது, தராசிலிருந்தே ஸ்டிக்கர் வரும். 2-இல் தொடங்கும் இரண்டு இலக்கம், ஐந்து இலக்கம் பொருள் எண், ஐந்து இலக்கம் எடை அல்லது விலை, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். அந்த வேலைக்கு இது பழகிய ஏற்பாடு, மாற்ற வேண்டாம்.

கம்பெனிப் பொருளில் ஏற்கனவே ஈஏஎன் இருந்தால் அதன் மேல் உங்கள் ஸ்டிக்கரை ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்த எண்ணையே சாஃப்ட்வேரில் ஏற்றுங்கள், ஸ்டிக்கர் செலவும் மிச்சம், ஒட்டுகிற ஆள் கூலியும் மிச்சம். அட்டைப் பெட்டிக்கு ஐடிஎஃப்-14 என்று ஒரு வகை இருக்கிறது, தடித்த கோடுகள், சுற்றிக் கறுப்புச் சட்டம், சொரசொரப்பான அட்டையில் நேரடியாக அடித்தாலும் தாங்கும். பெட்டி பெட்டியாக வெளியே அனுப்பினால் மட்டும் அதைப் பாருங்கள்.

க்யூஆர், டேட்டா மேட்ரிக்ஸ்

க்யூஆர் 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்தது, பணம் கட்டுவதற்காக அல்ல, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்காக. அங்கே ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை வரிசையாக ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது, அதற்கு மாற்றாக வந்தது. ஆக, சரக்கு ஸ்டிக்கர் அதற்குப் பிறந்த வீடுதான்.

8 இலக்க எண்ணை மிகச் சின்ன க்யூஆரிலேயே, 21-க்கு 21 கட்டம், அதிகபட்சப் பிழைதிருத்தத்தோடு அடக்கலாம். சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மீட்டெடுத்துவிடும். கட்டத்துக்கு நான்கு புள்ளி கொடுத்து, சுற்றிலும் நான்கு கட்டம் வெற்றிடம் விட்டால், மொத்தம் 14.5 மில்லிமீட்டர் சதுரம். மூக்குத்தி டப்பா, பேரிங், போல்ட் பை, இதற்கெல்லாம் கோட் 128-ஐவிட இதுதான் பொருத்தம். தலைப்பில் சொன்ன நான்கில் பெயரை உள்ளே தமிழிலேயே எழுத முடிகிற வகையும் இதுதான், ஆனால் தமிழுக்கு இடம் அதிகம் போகும், யுனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், "சுங்குடி" என்ற ஒரு சொல்லுக்கு 24 பைட். கட்டங்கள் பொடியாகிக்கொண்டே போகும். எண் மட்டும் என்று முன்னால் சொன்னது இங்கும் பொருந்தும்.

எதிர்ப்பக்கம் என்ன? பழைய ஒற்றைக் கோட்டு லேசர் ஸ்கேனர் க்யூஆரைப் படிக்கவே படிக்காது, கேமரா வகை ஸ்கேனர் வேண்டும். அடுத்து, ரேக்கில் நெருக்க நெருக்கமாக க்யூஆர் ஒட்டினால், கேமரா பக்கத்து ஸ்டிக்கரையும் பார்த்துவிடும், கோடுகளில் ஆள் குறிவைத்து அடிப்பது சுலபம். அப்புறம் நம் ஊரில் க்யூஆரைப் பார்த்தாலே வாடிக்கையாளர் போனை எடுத்துப் பணம் கட்டப் பார்ப்பார், "செல்லாத க்யூஆர்" என்று வரும், கவுன்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். சில்லறை விற்பனைக் கடையில் சேலைக்கு க்யூஆர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். குடோனில், பட்டறையில், வாடிக்கையாளர் கை படாத இடத்தில், தாராளமாகப் போடலாம், போனிலேயே இருப்பு எடுக்கலாம், தனி ஸ்கேனரே தேவையில்லை.

டேட்டா மேட்ரிக்ஸும் க்யூஆர் மாதிரிக் கட்ட வகைதான், இன்னும் சின்னது, சுற்றிலும் ஒரு கட்டம் வெற்றிடம் போதும், உலோகத்தில் பொறித்தாலும் படிக்கும். மருந்து, இயந்திரப் பாகம் என்று போகிறவர்களுக்கு. கடைக்காரருக்குத் தேவைப்படாது.

ஸ்கேனர் புதிதாக வாங்குவதாக இருந்தால், கோட் 128 மட்டும்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றாலும் கேமரா வகையையே வாங்குங்கள். அது கோடுகளையும் படிக்கும், கட்டங்களையும் படிக்கும், விலை வித்தியாசமும் முன்பு போல இல்லை. 2027 முடிவுக்குள் உலகம் முழுக்கக் கடைக் கவுன்டர்கள் கட்ட வகையைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 இலக்கு வைத்திருக்கிறது, கம்பெனிப் பாக்கெட்டுகளில் அது வரத்தான் போகிறது.

உண்டாக்குவதும் அச்சடிப்பதும்

கோட் 128-ஐ எழுத்துருவை வைத்து வேர்டில் நேரடியாகத் தட்டினால் வேலைக்கு ஆகாது, சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். சிண்ட் என்ற இலவச மென்பொருள் எல்லா வகையையும் உண்டாக்கும், இங்க்ஸ்கேப்பிலும் பார்கோடு வசதி இருக்கிறது. ஒன்றிரண்டு டிசைனுக்கு அவை போதும். தினசரி ஸ்டிக்கருக்குப் பிரிண்டரின் சொந்தக் கட்டளையில் அடிக்கிற சாஃப்ட்வேர்தான் சிறந்தது, ஏனென்றால் அப்போது பிரிண்டரே புள்ளிக் கணக்கில் கோடு போடும். ஜேபிஜி படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்கி ஒட்டினால் கோடுகளின் ஓரம் மங்கும், கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஸ்கேனர் திணறும். தமிழ்ப் பெயரை மட்டும் படமாக அனுப்பலாம், பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இருக்காது.

நிறம் கறுப்பு, பின்னணி வெள்ளை. சிவப்பு, ஆரஞ்சு, மெரூன் கோடுகள் வேண்டாம், பல ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு, அவற்றுக்குச் சிவப்புக் கோடு வெள்ளையாகத்தான் தெரியும். சுங்குடி உறையை அரக்குச் சிவப்பில் அடிக்கிறவர்கள் பார்கோடு இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் விட வேண்டும்.

மை ரிப்பன் இல்லாமல் சூட்டாலேயே அச்சாகும் நேரடி வெப்ப ஸ்டிக்கர் மலிவு, ஒரு வாரத்தில் விற்றுப் போகிற சரக்குக்குப் போதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் சரக்குக்கு ஆகாது, ஸ்டிக்கர் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட சேலைக்கும் யோசிக்க வேண்டும், பிவிசி உறையிலிருந்து கசியும் ரசாயனம் அச்சை மங்கச் செய்யும். எண்ணெய் பட்டாலும் அப்படித்தான். நாள்பட இருக்கும் சரக்கு என்றால் ரிப்பன் பிரிண்டர், அதில் மெழுகும் ரெசினும் கலந்த ரிப்பன்.

பிரிண்டர் தலையில் ஒரு புள்ளி செத்தால் ஸ்டிக்கரில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு விழும். பார்கோடு வேலிக்கம்பி மாதிரி நின்றவாக்கில் வருகிறது என்றால் அந்த வெள்ளை ஒரு கோட்டையே தின்றுவிடும், ஏணிப்படி மாதிரி படுத்தவாக்கில் என்றால் எல்லாக் கோடுகளையும் ஓர் இடத்தில் வெட்டும், மற்ற இடத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஏணிவாக்கில் வேகமாக அடித்தால் கோட்டின் ஓரம் இழுபடும். இரண்டில் எதை எடுத்தாலும் அச்சு வேகத்தைக் குறைத்து வையுங்கள், கறுப்பை அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், ஏற்றினால் கோடு வீங்கி இடைவெளி அடைபடும்.

மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு தாள் அடித்து, நோட்பேடைத் திறந்து வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் எண் அப்படியே வருகிறதா, கடைசியில் அடுத்த வரிக்குப் போகிறதா பாருங்கள். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். கடையில் இருப்பதிலேயே பழைய ஸ்கேனரில் பாருங்கள்.

ஏற்கனவே கோட் 39-இலோ நெருக்கி அடித்த ஈஏஎன்-இலோ மாட்டிக்கொண்டவர்கள் பழைய சரக்கைக் கிழித்து ஒட்ட வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பார்கோடு எண் வைக்க உங்கள் சாஃப்ட்வேர் விடுகிறதா என்று கேளுங்கள். விட்டால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பொருளைக் காட்டட்டும், புதுக் கொள்முதலுக்கு மட்டும் கோட் 128 ஒட்டிக்கொண்டே வாருங்கள், பழையது விற்று முடிந்ததும் பழைய எண்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.